வேகம், சுருதி, உணர்வு: மோட்சார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’ பதிவு பற்றி ஒரு தாய்க்கு எழுதிய பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு வணக்கம். மற்றவர்களுக்கும் விளங்குவதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பள்ளிப் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்குரல்களில் தாழ்ந்தது) குரல் பாடுகிறாள். இவ்வாண்டு ஈஸ்டெட்ஃபட் எனப்படும் கலைப் போட்டிக்கு மோட்சார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’ பாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நிகழ்ச்சித்தாளில் அதைப் பற்றி நான்கு வரி எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்திருக்கிறது. அவள் கைபேசியில் கேட்கும் பதிவு மூன்று நிமிடம் ஓடுகிறது. அதன் கீழே வேகம் நிமிடத்துக்கு 122, சுருதி ஏ மேஜர் (ஏ என்ற சுரத்தைச் சட்ஜமாகக் கொண்ட மேல்நாட்டுச் சுரவரிசை), உணர்வு சோகம் என்று செயலி காட்டுகிறது. ஆசிரியரோ டி மேஜர் என்கிறார், மிக மெதுவான பாட்டு என்கிறார், சோகமாகப் பாடவே கூடாது என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, நம் கணக்கில் இது எந்த ராகம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆசிரியர் சொல்வதுதான் சரி. ஆனாலும் செயலி அந்த மூன்றையும் ஏன் அப்படிச் சொன்னது என்று தெரிந்துகொள்வது மகளுக்கு மிகவும் பயன்படும், ஏனென்றால் அது தடுமாறிய இடங்கள் மூன்றும் இந்தப் பாட்டின் அழகு குடியிருக்கும் இடங்கள். டர்பன் கிறிஸ்தவக் கோயில்களில் பல ஆண்டுகள் ஆர்கன் வாசித்தவன் என்ற முறையிலும், வீட்டில் ச ரி க ம சொல்லி வளர்ந்தவன் என்ற முறையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் விளக்க முயல்கிறேன்.

பாட்டின் வரலாறு சிறியது. 1791-ஆம் ஆண்டு கோடையில் மோட்சார்ட்டின் மனைவி கொன்ஸ்தான்ஸே கருவுற்றிருந்த நிலையில் வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் என்ற வெந்நீரூற்று ஊரில் தங்கி உடல்நலம் பேணிவந்தார். அந்த ஊரின் பள்ளி ஆசிரியரும் கோயில் பாடகர் குழுத் தலைவருமான அன்டோன் ஷ்டோலுக்காக மோட்சார்ட் இதை எழுதினார். கையெழுத்துப் பிரதியில் ஜூன் 17 என்று தேதி இருக்கிறது. அடுத்த வாரம், ஜூன் 23 அன்று, கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. நான்கு குரல்கள் (உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்), வயலின் குடும்பத்து நரம்புக் கருவிகள், ஆர்கன், அவ்வளவுதான். மொத்தம் 46 பார்கள், அதாவது தாளச் சுற்றுகள். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி மோட்சார்ட் இறந்துபோனார். ஒரு சிற்றூர்க் கோயில் குழு சில நாள் பயிற்சியில் பாடிவிடக்கூடிய அளவுக்கு எளிமையாக எழுதப்பட்ட பாட்டு இது என்பதை உங்கள் மகள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். சுரங்களைப் படித்துவிடுவது எளிது. அவற்றை அசையாமல் ஏந்திக்கொண்டு நிற்பதுதான் கடினம்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். தாளில் மோட்சார்ட் எழுதியது ‘அடாஜியோ’ என்ற ஒரு சொல். அதாவது ஆற அமர, மெதுவாக. எண் எதுவும் அவர் எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது. மெல்ட்செல் என்பவர் வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்குக் காப்புரிமை பெற்றதே 1815-இல்தான். எனவே பதிவிலிருந்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பாருக்கு நான்கு க்ராட்செட் (கால் பார் நீளமுள்ள சுரம்), 46 பாருக்கு 184. அது மூன்று நிமிடத்தில் முடிந்தால் நிமிடத்துக்குச் சராசரி 61. செயலி காட்டும் 122 இதன் சரியான இரட்டிப்பு என்பதைக் கவனியுங்கள். இன்னொரு படியும் உண்டு. மோட்சார்ட் இட்டிருக்கும் தாளக்குறி ‘ஆல்லா பிரேவே’ எனப்படுவது. அதன்படி ஒரு பாருக்கு நான்கு அடி எண்ணாமல் இரண்டே அடி எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் வேகம் ஏறக்குறைய 31 ஆகிவிடுகிறது. ஆக 31, 61, 122 என்ற மூன்று எண்களும் ஒரே நடையைத்தான் குறிக்கின்றன. எந்த அடியை எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஆதி தாளத்தை ஒரு களையில் (அடிக்கு ஒரு தட்டு) போடுகிறவரும் இரண்டு களையில் (அடிக்கு இரண்டு தட்டு) போடுகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கைகள் வேறு வேறு வேகத்தில் விழும், பாட்டு ஒன்றாகத்தானே போகும்? அதே கதைதான் இங்கும்.

செயலி ஏன் பெரிய எண்ணைத் தேர்ந்தது? இந்த நிரல்கள் ஒலி திடீரென்று எழும் புள்ளிகளைத் தேடி, அவற்றுக்கு இடையிலுள்ள சம இடைவெளியை அளந்து வேகம் சொல்கின்றன. மிருதங்கமோ டிரம்மோ இருந்தால் அந்தப் புள்ளிகள் குத்திட்டு நிற்கும். முப்பது பேர் சேர்ந்து மெல்லிய குரலில் ‘ஆ’ என்று தொடங்கும்போது அப்படிப்பட்ட புள்ளியே கிடையாது, ஒலி மூடுபனி போலக் கூடி வருகிறது. டர்பனின் எம்மானுவேல் பேராலயம் போன்ற உயர்ந்த கூரையுள்ள கோயிலில் பதிவு செய்திருந்தால், முந்தைய சுரத்தின் எதிரொலி அடுத்த சுரத்தின் மேல் படிந்து அந்த மங்கிய தொடக்கத்தையும் மறைத்துவிடும். சான்று குறைவாக இருக்கும்போது நிரல் தனக்குப் பழக்கமான வேகத்தின் பக்கம் சாய்கிறது. நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டிய வேகத்தை எதிர்பார்க்கும்படிதான் பல நிரல்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன, ஏனென்றால் மக்கள் மிகுதியாகக் கேட்கும் பாட்டுகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

இதில் மகள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான்கு க்ராட்செட்டையும் தனித்தனி அடியாக மனத்தில் தட்டிக்கொண்டே பாடினால் பாட்டு இழுபடும், ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் குரல் தொய்யும், தொய்ந்த குரலோடு சுருதியும் இறங்கும். பாருக்கு இரண்டு அடி என்று உணர்ந்து பாடினால், அதே மூன்று நிமிடத்தில் பாடினாலும், வரி ஒரே மூச்சில் நகர்வது போல இருக்கும். ‘மெதுவாக’ என்று ஆசிரியர் சொல்வதை ‘இழுத்து’ என்று பிள்ளைகள் புரிந்துகொள்வதுதான் பள்ளிக் குழுக்களில் நான் அதிகம் கேட்ட குறை. நம் வித்வான்கள் மெதுவான சௌக்க காலத்தில் பாடும்போது உள்ளே ஓடும் லயம் எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பதை அவளுக்குக் கேட்கக் கொடுங்கள்.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடகர் குழுவின் வேகத்தை முடிவு செய்வது கடிகாரத்தைவிட மூச்சும் கட்டடமும்தான். குரல்கள் நுழையும் முதல் நான்கு பார், ‘ஆவே, ஆவே வேரும் கோர்புஸ்’. 61 என்ற வேகத்தில் இதற்கு ஏறக்குறைய 16 விநாடி ஆகும். இதே பாட்டை நான்கு நிமிடத்துக்கு நீட்டிப் பாடியிருக்கும் குழுக்களும் உண்டு. அவர்களுடைய வேகம் 46, அந்த நான்கு பாருக்கு 21 விநாடி. தேர்ந்த பெரியவர்கள் ஆளுக்கொரு இடத்தில் மாற்றி மாற்றி மூச்செடுத்து வெளியே தெரியாமல் அதைச் சமாளிப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளால் அது எளிதில் ஆகாது. எதிரொலி இல்லாத பள்ளி மண்டபத்தில் சுரத்தைத் தாங்கிப் பிடிக்கக் கட்டடமும் உதவாது. ஆகையால் அவள் கேட்கும் பதிவின் வேகம் அவளுடைய குழுவுக்குச் சரியான வேகமாக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் கொஞ்சம் விரைவாக எடுத்தால் அதைத் தவறென்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்தது சுருதி. என் கருத்தில் இந்தப் பாட்டில் மிகவும் சுவையான பகுதி இதுதான்.

செயலி சுருதியைக் கண்டுபிடிக்கும் முறை, பதிவு முழுவதிலும் ஒலிக்கும் சுரங்களைப் பன்னிரண்டு பெட்டிகளில் கொட்டி, எந்தப் பெட்டி எவ்வளவு நிறைந்தது என்று பார்ப்பது. மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி வேறுபாடு அதற்குக் கிடையாது. பிறகு பன்னிரண்டு மேஜர் (சங்கராபரணத்தை ஒத்த வரிசை), பன்னிரண்டு மைனர் (நடபைரவியை ஒத்த வரிசை) என்று இருபத்துநான்கு அச்சுகளோடு ஒப்பிட்டு, எது நெருங்கி வருகிறதோ அதைச் சொல்கிறது. டி மேஜருக்கும் ஏ மேஜருக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுரம்: முன்னதில் ஜி, பின்னதில் ஜி ஷார்ப், அதாவது ஜி-க்கு அடுத்து மேலே உள்ள சுரத்தானம். நம் கணக்கில் சொன்னால், இரண்டு கட்டைச் (சட்ஜம் டி) சங்கராபரணத்துக்கும் ஆறு கட்டைச் (சட்ஜம் ஏ) சங்கராபரணத்துக்கும் உள்ள வேறுபாடு. மோட்சார்ட் இந்த ஜி ஷார்ப்பை இரண்டாவது ‘ஆவே’யிலேயே கொண்டுவந்துவிடுகிறார். அங்கே சோப்ரானோ குரல் ஏ, ஜி ஷார்ப், ஜி என்று ஒட்டி ஒட்டி இறங்குகிறது. டி-யைச் சட்ஜமாக வைத்துச் சொல்லுங்கள்: பஞ்சமம், பிரதி மத்தியமம், சுத்த மத்தியமம். இரண்டு மத்தியமங்களும் அடுத்தடுத்து! முறையான சங்கராபரணத்தில் இடமில்லாத அந்தப் பிரதி மத்தியமம் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. முதல் முறை கேட்கும்போது அது என்னவென்று சொல்லத் தெரியாமலே நெஞ்சு இளகும்.

அதன் பிறகு ‘இன் க்ரூச்சே ப்ரோ ஹோமினே’ என்ற வரி வரும்போது பாட்டு ஏ மேஜரிலேயே போய் அமர்ந்துவிடுகிறது. ஏறத்தாழப் பாட்டின் பாதி வழியில் ஒரு காது ‘இது ஏ மேஜர்’ என்று சத்தியம் செய்யும். செயலியும் அதைத்தான் செய்தது. அடுத்து வருவது இன்னும் பெரிய திருப்பம். ‘குயுஸ் லாத்துஸ் பெர்ஃபொராத்தும்’, ஈட்டியால் குத்தப்பட்ட விலா என்று பொருள்படும் வரி. இங்கே எஃப் ஷார்ப் எஃப் ஆகிறது, சி ஷார்ப் சி ஆகிறது, பாட்டு எஃப் மேஜருக்கு நகர்கிறது. டி-யிலேயே நின்று கேட்கிறவருக்கு அந்தர காந்தாரம் மறைந்து சாதாரண காந்தாரம் வந்துவிட்டது, காகலி நிஷாதம் கைசிகி நிஷாதமாகிவிட்டது. கிரக பேதம் (சட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றி ராகத்தைப் பார்ப்பது) பயின்றவர்களுக்கு இது உடனே பிடிபடும்: எஃப்-ஐச் சட்ஜமாகக் கொண்ட சங்கராபரணத்தை அதன் தைவதமான டி-யிலிருந்து பார்த்தால் நடபைரவி. விளக்கை யாரோ தணித்தது போல இருக்கும் அந்த இடத்திலிருந்து டி மைனர் வழியாக, கடைசி வரிக்குள் பாட்டு மெல்ல டி மேஜருக்குத் திரும்பிவிடுகிறது.

ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு சுருதிதான் இருக்க முடியும் என்ற எண்ணத்தை நம் நாட்டில் வாழும் நாம் எளிதாகக் கைவிடலாம். 1997-இல் ஏற்கப்பட்ட தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தை உங்கள் மகள் பள்ளியில் பாடிக்கொண்டுதானே இருக்கிறாள்? எனாக் சொன்டோங்காவின் பாட்டிலிருந்து வரும் முதல் பகுதியை வழக்கமாக ஜி மேஜரில் பாடுகிறோம். ஆஃப்ரிக்கான்ஸ் வரிகள் தொடங்கும் இடத்தில் டி மேஜருக்குப் போய், திரும்பாமல் அங்கேயே முடிக்கிறோம். அதன் சுருதி என்ன என்று ஒரே பெட்டியில் எழுதச் சொன்னால் என்ன எழுதுவது? மோட்சார்ட்டின் பாட்டு வெளியே போய்விட்டு வீடு திரும்புகிறது. நம் கீதம் புதிய வீட்டில் குடியேறிவிடுகிறது. பாட்டின் வீடு எது என்பதை முடிவு செய்வது எந்தச் சுரம் அதிகமாக ஒலித்தது என்ற கணக்கு அன்று. பாட்டு எதை நோக்கிச் சாய்கிறது, எங்கே போய் இளைப்பாறுகிறது என்பதுதான். அதனால்தான் ஆசிரியர் டி மேஜர் என்கிறார்.

இங்குள்ள குழுக்களில் ஜூலு, கோசா பாடகர்கள் பலர் இன்றும் டானிக் சோல்ஃபா எழுத்தில்தான் படிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் சாரா க்ளோவர் தொடங்கி ஜான் கர்வென் செம்மைப்படுத்திய அந்த முறையைச் சமய ஊழியர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். சொன்டோங்கா 1897-இல் தம் பாட்டை எழுதியதும் அதில்தான். அந்தத் தாளின் தலைப்பில் ‘டோ இஸ் டி’ என்று இருக்கும்; அதன் கீழே சுரங்களெல்லாம் டோ, ரே, மீ என்று ஓடும். சட்ஜம் எங்கே என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ச ரி க ம என்று பாடும் நம் பழக்கத்துக்கு இது எவ்வளவு நெருக்கம் பாருங்கள். நான் சொன்ன அந்த இறக்கத்தை அவர்கள் ‘சோ, ஃபீ, ஃபா’ என்று பாடுவார்கள். உங்கள் மகள் ‘ப, ம, ம’ என்று பாடிப் பழகினால் சுருதி நழுவாமல் கைக்கு வரும். முதல் மத்தியமம் உயர்ந்தது, இரண்டாவது தாழ்ந்தது என்று தெரிந்து பாடினால் போதும்.

பதிவுகளுக்கு இடையே இன்னொரு வேறுபாடும் இருக்கலாம். மோட்சார்ட் காலத்துக் கருவிகளின் அமைப்பில் வாசிக்கும் குழுக்கள் ஏ சுரத்தை விநாடிக்கு 440-க்குப் பதிலாக 430 அதிர்வில் வைப்பது வழக்கம். அது அரைச் சுரத்தில் (அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில்) ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தாழ்வு. மோட்சார்ட்டுக்கு முந்தைய இசையமைப்பாளரான பாக் காலத்து இசைக்கு 415 வைப்பார்கள். அது முழு அரைச் சுரம் தாழ்வு, ஆகவே டி மேஜர் பாட்டைச் செயலி சி ஷார்ப் என்று காட்டக்கூடும். பெயரையும் அப்படியே நம்ப முடியாது. பாக்கின் பி மைனர் மாஸ் (திருப்பலி இசை) என்று உலகமே அழைக்கும் படைப்பில் பெரும்பகுதி டி மேஜரில்தான் இருக்கிறது. வீட்டில் கீபோர்டை வைத்துக்கொண்டு பதிவோடு சேர்ந்து பாடும்போது இரண்டும் ஒட்டாவிட்டால், மகளின் காதைச் சந்தேகிப்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

உணர்வைப் பற்றிச் செயலி சொல்வதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒலி மெல்லியது, பளிச்சென்ற ஒலிகள் இல்லை. ஆகவே சோகம் என்று சீட்டு ஒட்டிவிடுகிறது. சொல்லின் பொருள் அதற்குத் தெரியாது. லத்தீன் வரிகளின் கருத்து இது: வாழ்க, கன்னி மரியாளிடம் பிறந்த மெய்யான உடலே, மனிதருக்காகச் சிலுவையில் மெய்யாகவே பாடுபட்டுப் பலியானவரே, குத்தப்பட்ட உம் விலாவிலிருந்து நீரும் குருதியும் வழிந்தனவே, மரணம் எங்களைச் சோதிக்கும் வேளையில் நீர் எங்களுக்கு முன்சுவையாக இருந்தருளும். நற்கருணையின் முன் மண்டியிட்டு நிற்கும் ஒருவரின் சொற்கள் இவை. துயரம் அதில் இருக்கிறது, குறிப்பாக நான் சொன்ன எஃப் மேஜர்ப் பகுதியில். ஆனால் தொடக்கமும் முடிவும் வணக்கமும் அடைக்கலமும்தான். தாளில் குரலுக்கென்று மோட்சார்ட் எழுதிய குறிப்பு ‘சொத்தோ வோச்சே’, அடங்கிய குரலில் என்பது. திவ்விய சன்னிதியில் குரல் தானாகத் தாழும் அல்லவா, அந்தத் தாழ்வைத்தான் அவர் கேட்கிறார். அழுகையின் தாழ்வு வேறு. அதைக் கலந்தால் ‘ஆ’ என்ற உயிரொலி மூக்குக்குள் போய்விடும், பாட்டின் ஒளி போய்விடும்.

‘எஸ்தோ நோபிஸ்’ என்ற கடைசி வரியில் ஓர் இடத்தை மகளிடம் தனியாகச் சொல்லுங்கள். அதுவரை நான்கு குரலும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லிவந்தன. இங்கே சோப்ரானோவும் ஆல்டோவும் முதலில் தொடங்க, டெனரும் பாஸும் பின்னால் அதே வரியைத் தொடர்ந்து வருகிறார்கள். ஒன்றாக நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக மன்றாடுகிறார்கள். பிறகு ‘இன் மோர்த்திஸ்’ என்ற இடத்தில், மரணத்தின் பெயரைச் சொல்லும்போது, மீண்டும் எல்லாரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆல்டோ பாடும் பிள்ளை தன் குரல் முன்னே போகும் இந்த இடத்தை அறிந்து பாடினால் குழு முழுவதும் மாறும்.

ராகம் பற்றிய கேள்விக்கு நேரான விடை: சங்கராபரணத்தின் சுரங்கள் என்று சொல்லலாம், சங்கராபரணம் என்று சொல்லக் கூடாது. கமகம் இல்லை, பிடிகள் இல்லை, சட்ஜமே இடம் மாறுகிறது, நான்கு குரல்கள் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் நிறுத்துவதால் எழும் கோர்டுகள் எனப்படும் சுரக்கூட்டங்கள்தான் இங்கே பேசுகின்றன. நம் கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும், எத்தனை கட்டையில் பாடுவது என்பதை மட்டும் பாடுகிறவருக்கு விட்டிருப்பார்கள். மேல்நாட்டுத் தாளில் கட்டை உறுதியாகக் குறிக்கப்பட்டிருக்கும், ராகம் என்ற கருத்தே இராது. ஒன்றில் உள்ள கட்டத்தை மற்றதைக்கொண்டு நிரப்ப முயல்வதில்தான் குழப்பம் வருகிறது.

நிகழ்ச்சித்தாளில் வேகத்துக்கு ‘அடாஜியோ’ என்று மோட்சார்ட்டின் சொல்லையே போடட்டும். சுருதிக்கு ‘டி மேஜர், நடுவில் ஏ மேஜருக்கும் எஃப் மேஜருக்கும் சென்று திரும்புகிறது’ என்று எழுதட்டும். உணர்வு என்ற தலைப்பே வேண்டாம். லத்தீன் வரிகளின் பொருளை இரண்டு வாக்கியத்தில் தன் சொந்தச் சொல்லில் எழுதினால் அது போதும். வேகத்தைத் தானே அளந்து பார்க்க விரும்பினால் நரம்புக் கருவிகளின் முதல் சுரத்தில் கடிகாரத்தை ஓடவிட்டு, குரல்கள் அடங்கிய பிறகு வரும் கருவிப் பகுதியின் கடைசிச் சுரம் ஓயும்போது நிறுத்த வேண்டும். பதிவின் முனைகளில் உள்ள மௌனத்தைச் சேர்க்கக் கூடாது. 11,040-ஐ (184 க்ராட்செட், 60-ஆல் பெருக்கியது) அந்த விநாடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை க்ராட்செட் என்பது வந்துவிடும். பாதியாக்கினால் அவள் மனத்தில் எண்ண வேண்டிய அடி.